கடைமடைக்குப் போகும் ரத்தம்

புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பெண்ணுக்கு அடிவயிற்றுச் சதையைக் கொண்டு புது மார்பு அமைக்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப்பேர் "ஒட்டுப் போடுறாங்களா?" என்பார்கள். ஒட்டு வேறு, இது வேறு. தீக்காயத்துக்குத் தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோல் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கீழே உள்ள புண்ணில் ஊறும் நீரிலேயே ஓரிரு நாள் உயிர் பிடித்துக் கிடக்கும். அதற்குள் நுண்குழாய்கள் வளர்ந்து அதை எட்டிவிடும். அரைக் கிலோ, முக்கால் கிலோ எடையுள்ள தோலும் கொழுப்பும் அப்படிப் பிழைக்காது. உள்ளே ரத்தம் கொண்டுவர ஒரு தமனியும், வெளியே கொண்டுபோக ஒரு சிரையும் அதற்குச் சொந்தமாக வேண்டும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும், எவ்வளவு அழகாகத் தைத்து வைத்த மார்பும் சில நாளில் கறுத்துவிடும்.

நான் நர்ஸ். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு என்று சுற்றிவிட்டு 2011-இல் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். அங்கே சீஃப் அதிகம் பேசாதவர். ஆனால் ரத்தக்குழாய் என்று ஆரம்பித்துவிட்டால் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். இங்கே நான் சொல்லும் சரித்திரமெல்லாம் முதலில் அவர் வாயால் கேட்டதுதான். பிறகு லைப்ரரியில் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை ஒருமுறை சார்ட்டில் பார்த்துக்கொள்வது நர்ஸுகளின் ரத்தத்திலேயே ஊறியது.

வார்டுக்குப் போகும் முன் சில வாரம் தியேட்டரில் போட்டார்கள். சொந்த ரத்தக்குழாயோடு இடம் மாற்றும் இந்தச் சதையைப் 'பிளாப்' என்பார்கள். பிளாப் கேஸ் என்றால் அன்றைக்கு ஏ.சி.யைக் குறைத்துவிடுவார்கள். குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும் என்பதற்காக நோயாளிக்கு மேலே சூடான காற்று ஊதும் போர்வை, ஏற்றும் சலைன்கூட வெதுவெதுப்பாக. கவுனுக்குள் எல்லோருக்கும் வியர்வை. மேலே ஒரு குழு மார்பை எடுத்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு குழு அடிவயிற்றில் வேலையை ஆரம்பித்திருக்கும். தொப்புளுக்குக் கீழே, இடுப்பின் ஓரம்வரை நீள்வட்டமாகக் கீறி, தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையின் மேல் உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பார்கள். எங்கேயாவது ஒரு சின்னக் குழாய் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு ஏறி வருவது தெரிந்தால் எல்லாம் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கூடவே ஒட்டிக்கொண்டு ஒரு சிரை. தசையின் நார்களை அது ஓடும் வழியிலேயே பிளந்து, பக்கக் கிளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு, இடுப்பு மடிப்பில் அது பிறக்கும் இடம்வரை பின்தொடர்ந்து போவார்கள். இந்த ஒரு வேலைக்கே மணிக்கணக்கில் ஆகும். தசையை வெட்டி எடுப்பதில்லை. விலக்கிவிட்டுத் திரும்ப மூடிவிடுவார்கள்.

அந்தக் குழாயைக் கடைசியில் வெட்டும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டியது சர்க்குலேட்டிங் நர்ஸின் வேலை. அந்த நிமிடத்திலிருந்து அந்தச் சதைக்கு ரத்தம் இல்லை. மேலே, மூன்றாவது விலா எலும்பின் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மார்பெலும்புக்கு ஓரமாக ஓடும் உள்மார்புத் தமனியையும் சிரையையும் தயாராக வைத்திருப்பார்கள். இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்து, ஒன்பது சைபர் நைலானில், முடியைவிட மெல்லிய நூலில், தமனியோடு தமனியையும் சிரையோடு சிரையையும் இணைப்பார்கள். சிரைக்குச் சில சமயம் தையலுக்குப் பதில் இரண்டு சின்ன வளையங்களைக் கோத்துப் பூட்டுவதும் உண்டு. அடியில் நுரையீரல் இருப்பதால் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் மேலே எழும்பி இறங்கும். எழும்பி இறங்கும் குழாயில் ஊசி போடுவதை டி.வி. திரையில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சீஃப் கை மட்டும் நிற்கவில்லை.

கிளாம்பை எடுத்ததும் பிளாப்பின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ரத்தம் கசியும். ரத்தம் கசிந்தால் டாக்டர்கள் சிரிக்கிற ஆபரேஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குழாயோடு குழாயை இணைக்கும் வித்தை பிரான்ஸில் பிறந்தது. 1894-இல் லியோன் நகரில் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். வயிற்றுக்குள் பெரிய சிரை அறுந்திருந்தது; அதைத் தைத்து அவரைக் காப்பாற்ற அன்று யாராலும் முடியவில்லை. அதே ஊரில் இருந்த அலெக்சிஸ் காரெல் என்ற இளம் டாக்டர் எம்பிராய்டரி செய்யும் ஒரு பெண்ணிடம் போய் மெல்லிய ஊசியில் தைக்கக் கற்றுக்கொண்டார். 1902-இல் ரத்தக்குழாயின் வட்ட வாயை மூன்று இடத்தில் இழுத்துப் பிடித்து, முக்கோணமாக்கித் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு. சீஃப் இதைச் சொல்லிவிட்டு, "அந்த எம்பிராய்டரி அம்மாவுக்கு யாரும் பரிசு கொடுக்கல, சிஸ்டர்" என்றார். ஆனாலும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் குழாய்களைத் தைக்க மைக்ராஸ்கோப் வந்து சேர வேண்டியிருந்தது; 1960-இல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் அதைச் செய்துகாட்டினார்.

மார்பை மீட்கும் முயற்சி அதற்கும் முந்தியது. இத்தாலியில் பாவியா நகரத்து டான்சினி, முதுகுப் பக்கத்துச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்புப் புண்ணை மூடினார். முதலில் வெறும் தோலாகக் கொண்டுவந்தபோது நுனி செத்துப்போனது. தோலுக்கு ரத்தம் அடியில் இருக்கும் தசை வழியாக வருகிறது என்று கண்டுகொண்டு, 1906-இல் தசையோடு சேர்த்தே திருப்பினார், பிழைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் மார்பு அறுவையின் சக்கரவர்த்தி அமெரிக்காவின் ஹால்ஸ்டெட். இந்த மாதிரி மூடுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. பெரியவருக்குப் பிடிக்காததால் டான்சினியின் வேலை பல பத்தாண்டுகள் மறந்தே போனது. வைத்தியத்திலும் பெரிய ஆள், சின்ன ஆள் உண்டு.

இங்கே கொஞ்சம் உடற்கூறு சொல்லியாக வேண்டும். கழுத்தடியிலிருந்து இறங்கும் உள்மார்புத் தமனி, மார்பெலும்பின் ஓரமாகவே வந்து, வயிற்றின் நேர்த்தசைக்குள் புகுந்து, மேல் வயிற்றுத் தமனி என்று பெயர் மாறுகிறது. இடுப்பு மடிப்பிலிருந்து இன்னொன்று, ஆழ்கீழ் வயிற்றுத் தமனி, அதே தசைக்குள் மேலே ஏறுகிறது. தொப்புளுக்கு மேலே எங்கோ இரண்டும் கிளைகிளையாகப் பிரிந்து கைகோத்துக்கொள்கின்றன. 1982-இல் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்ப் இதைப் பயன்படுத்திக்கொண்டார். அடிவயிற்றுச் சதையை, ஒரு பக்கத்து நேர்த்தசையோடு சேர்த்து, மேல் தமனியை அறுக்காமலே தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டு மார்புக்குத் தள்ளினார். மைக்ராஸ்கோப் வேண்டாம், குழாய்த் தையல் வேண்டாம். உலகம் முழுக்கப் பரவியது. 'டிராம்' பிளாப் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான்.

அதில் என்ன குறை என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது, காரணம் என் ஊர். பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. கல்லணையைத் திறந்த செய்தி பேப்பரில் வந்து, மந்திரி பூத்தூவிய படமும் வந்து, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்க்க வாரங்கள் ஆகும். சில வருஷம் எட்டிப்பார்க்கவே பார்க்காது. அடிவயிற்றுத் தோலுக்கு இயல்பாக ரத்தம் பாய்வது கீழ்த் தமனியிலிருந்து. அதுதான் பக்கத்து மடை. ஹார்ட்ராம்ப் முறையில் அதை வெட்டிவிட்டு, தொப்புளுக்கு மேலே இருக்கும் தூரத்து மடையிலிருந்து பாய்ச்சுகிறார்கள். தலைமடைப் பகுதி செழிக்கும். ஓரத்துக் கொழுப்பு காய்ந்து கட்டிகட்டியாக இறுகிப்போகும். போதாக்குறைக்கு ஒரு பக்கத் தசையே போய்விடுவதால் வயிறு பிதுங்கலாம், குடலிறக்கம் வரலாம்.

சீஃபிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஊர் மதுரைப் பக்கம் என்றாலும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் பிளாப்பின் கடைசி ஓரத்தைக் 'கடைமடை' என்றுதான் சொன்னார். எந்தக் குழாய் எவ்வளவு பரப்புக்குப் பாய்கிறது என்று வரைபடம் போட்டவர் மெல்போர்னின் இயன் டெய்லர். இறந்தவர்களின் ரத்தக்குழாய்களில் ஈய ஆக்சைடைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, உடம்பு முழுவதையும் நாற்பது பாசனப் பரப்புகளாக 1987-இல் பிரித்துக் காட்டினார். ஒரு பரப்பிலிருந்து பக்கத்துப் பரப்புக்கு ரத்தம் பெரும்பாலும் போய்விடும். அதற்கும் அடுத்ததற்குப் போகுமா என்பது அந்தந்த உடம்பைப் பொறுத்தது. அதனால் எங்கள் சீஃப் எந்தக் கேஸிலும் கடைமடை ஓரத்தைக் கொஞ்சம்கூடத் தயங்காமல் வெட்டி வாளியில் போட்டுவிடுவார். மார்பு கொஞ்சம் சின்னதானாலும் பரவாயில்லை, சாகிற சதையை உள்ளே வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

பக்கத்து மடையிலிருந்தே பாய்ச்ச வேண்டுமானால் கீழ்த் தமனியையே அறுத்துக் கொண்டுபோய் மேலே இணைக்க வேண்டும். சுவீடனில் ஹோல்ம்ஸ்ட்ராம் 1979-லேயே தசையோடு அப்படிச் செய்திருந்தார். தசையே தேவையில்லை, அதைத் துளைத்து வரும் ஒற்றைக் குழாய் போதும் என்று 1989-இல் காட்டியவர் ஜப்பானின் இசாவோ கோஷிமா. அதை மார்புக்குக் கொண்டுவந்து 1994-இல் எழுதியவர் நியூ ஆர்லியன்ஸின் ராபர்ட் ஆலன். 'டீப்' பிளாப் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கீழ்த் தமனியைக் கொண்டுபோய் எதில் இணைக்கிறார்கள்? உள்மார்புத் தமனியில். உடம்புக்குள் ஏற்கெனவே கைகோத்திருந்த இரண்டு ஆட்களைப் பிரித்து, வேறு இடத்தில் திரும்பக் கைகோக்க வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த உள்மார்புத் தமனிக்கு இன்னொரு கிராக்கியும் உண்டு. இதய பைபாஸுக்கு ஹார்ட் டாக்டர்கள் முதலில் தேடுவது இடது பக்கத்து உள்மார்புத் தமனியைத்தான். ஆகவே இடது மார்புக் கேஸ், சர்க்கரை, நெஞ்சுவலிக் குடும்பம் என்றால் சீஃப் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். பின்னாளில் ஹார்ட் டாக்டருக்குத் தேவைப்படும் குழாயை நாம் செலவழிக்கிறோமா என்ற கணக்கு அது. அக்குளில் முதுகுத் தசைக்குப் போகும் தமனியோடு இணைக்கும் வழியும் இருக்கிறது.

என் நினைவில் நன்றாக இருப்பவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மார்பை எடுக்க வேண்டும் என்று சொன்ன கேன்சர் டாக்டரே, அதே மேஜையில் மார்பை அமைத்துவிடலாம், போய்ப் பேசிப் பாருங்கள் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார். அப்படி அனுப்புகிறவர்கள் குறைவு. நிறைய பெண்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியும். அதற்குள் கரண்ட் கொடுத்திருப்பார்கள். கதிர்வீச்சு பட்ட மார்பில் தோல் இறுகி, குழாய்களின் உள்சுவர் தடித்து நைந்திருக்கும், தைப்பது இன்னும் கஷ்டம்.

டீச்சரம்மாவின் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாகப் பழைய தழும்பு. கர்ப்பப்பை எடுத்தது. இங்கே நம் ஊர்ப் பெண்களின் வயிறு வெறும் வயிறாக இருப்பது அபூர்வம். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை, குடல்வால் என்று ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு வரலாறு இருக்கும். குறுக்காகக் கீறிய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் ஆழத்துக் குழாய்களைத் தொந்தரவு செய்வதில்லை. நேர்க்கோட்டுத் தழும்பு அப்படியல்ல; இடது பக்கத்துக் குழாயின் ரத்தம் அதைத் தாண்டி வலது பக்கம் போகாது. பாதி வயிறுதான் கணக்கில் வரும். சீஃப் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, எந்தக் குழாய் எங்கே தசையைத் துளைத்து வருகிறது என்று கம்ப்யூட்டரில் காட்டினார். ஒரு பக்கத்தில் தடிமனாக ஒன்று இருந்தது. "பாதி வயிறே போதும்மா, உங்களுக்கு" என்றார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை அவரை நிற்க வைத்து மார்க் போட்டார்கள். பிறகு படுக்க வைத்து, பேனா மாதிரி இருக்கும் டாப்ளர் கருவியை ஜெல் தடவி வயிற்றில் நகர்த்தினார் பி.ஜி. படிக்கும் டாக்டர் பையன். சத்தம் கேட்ட இடத்தில் நான் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். தமனி துடித்துத் துடித்து வெட்டிக் கேட்கும். சிரை ஒரே இழுப்பாக இரையும்.

"இது என்னோட சத்தமா, சிஸ்டர்?" என்றார் டீச்சரம்மா.

"ஆமாம்மா. நாளைக்கு இதே சத்தத்த மேல கேப்போம்."

"ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் மாதிரி மணிக்கொருதரம் வருவீங்கன்னு பக்கத்து பெட் அக்கா சொன்னாங்க."

"வருவேன். தூங்க விடமாட்டேன், அதுக்கு இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையில் கிள்ளுப் புகையிலை. பீடி, சிகரெட் பிடிப்பீங்களா என்று பெண்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், இல்லை என்பார்கள், டாக்டர் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். புகையிலை எந்த வழியில் உள்ளே போனாலும் நிகோட்டின் குழாயைச் சுருக்கத்தான் செய்யும். நான் வெற்றிலைப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன், அதனால் தெரிந்தது. ஆபரேஷனை ஒரு மாதம் தள்ள முடியாது, கட்டி காத்திருக்காது. அன்றோடு நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்.

ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. இரவு வார்டுக்கு வந்தபோது முழங்காலுக்குத் தலையணை கொடுத்து, இடுப்பை மடக்கி, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தோம். வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் நேராகப் படுத்தால் தையல் பிரியும். சொந்தக்காரர்களுக்கு இது புரியாது. "காலை நீட்டிப் படும்மா" என்று அன்போடு இழுத்து நீட்டிவிடுவார்கள். ஏ.சி. போடவில்லை. மே மாதம். கணவர் நோட்டுப் புத்தகத்தால் விசிற ஆரம்பித்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனி என் வேலை. மணிக்கொரு முறை நான்கு விஷயம். நிறம், சூடு, விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, டாப்ளர் சத்தம். தமனி அடைத்தால் பிளாப் வெளுக்கும், சில்லிடும், அழுத்திய இடத்துக்கு ரத்தம் திரும்பாது. சிரை அடைத்தால் நேர்மாறு: வீங்கி விறைக்கும், நீலம் பாரிக்கும், அழுத்தி எடுத்தால் கண் இமைக்குமுன் நிறம் திரும்பிவிடும். புதிதாக வரும் நர்ஸுகள் ஏமாறுவது இங்கேதான். ரத்தம் சட்டென்று திரும்புகிறதே, சூடாகவும் இருக்கிறதே, நல்லதுதானே என்று நினைப்பார்கள். டாப்ளரில் தமனிச் சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும். டெல்டாக்காரிக்கு அந்தச் சந்தேகம் வராது. எங்கள் பக்கம் தண்ணீர் வராமல் காய்ந்த பயிரைவிட, வடிகால் தூர்ந்து நின்ற தண்ணீரில் அழுகிய பயிர் அதிகம். பிளாப்பிலும் அப்படியே, தமனியைவிட மெல்லிய சுவர் கொண்ட சிரைதான் மடங்கும், நசுங்கும், உறையும். அதுவும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்தான் பெரும்பாலும்.

புத்தகங்களில் இருக்கும் வண்ணப் படங்களெல்லாம் வெள்ளைத் தோல். இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று படம் போட்டிருப்பார்கள். நம் கறுப்புத் தோலில் இளஞ்சிவப்பு எங்கே தெரியப்போகிறது? மாநிறத் தோலில் சிரை அடைப்பின் முதல் அடையாளம் நீலமே அல்ல. ஒரு மங்கல், ஒரு மினுமினுப்பு, தோலின் சுருக்கம் மறைந்து போவது. அதற்கு நான் என் வழிகளை வைத்துக்கொண்டேன். எப்போதும் ஒரே டார்ச். டியூப்லைட்டில் ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம் தெரியும். எப்போதும் மிச்சமிருக்கும் வயிற்றுத் தோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், என் ஞாபகத்தோடு அல்ல. ஷிஃப்ட் மாறும்போது போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து நின்று ஒருமுறை பார்த்தாக வேண்டும். சார்ட்டில் 'நார்மல்' என்று எழுதியதை நம்பி ஆரம்பிக்கக் கூடாது.

இரண்டாவது இரவு, விடிவதற்கு வெகுநேரம் முன்னால், டீச்சரம்மாவின் பிளாப்பில் அந்த மினுமினுப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன், எடுப்பதற்குள் நிறம் திரும்பியது. சூடு இருந்தது. தமனிச் சத்தம் இருந்தது. சிரையின் இரைச்சலைத் தேடினேன், அகப்படவில்லை. டியூட்டி பி.ஜி.யை எழுப்பினேன். அவன் டாப்ளரை வைத்துக் கேட்டுவிட்டு, "சவுண்டு நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், காலையில சார் வரட்டுமே" என்றான். "ஊசியால ஒரு குத்துக் குத்திப் பாருங்க டாக்டர்" என்றேன். குத்தினான். சரியாக இருக்கும் பிளாப்பில் ஒரு நொடி கழித்துப் பளிச்சென்ற சிவப்புச் சொட்டு வரும். இதில் குத்திய உடனே கருப்பாகக் குபுகுபுவென்று வந்தது. அதற்கு மேல் அவன் பேசவில்லை. சீஃபுக்கு அவனே போன் செய்தான். நல்ல பையன், இப்போது அவனே ஒரு யூனிட்டுக்குத் தலைவன்.

தியேட்டரில் திறந்து பார்த்தபோது இணைத்த சிரை சற்றே முறுக்கிக்கொண்டு, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. உறைந்ததை எடுத்து, ஹெப்பாரின் கலந்த சலைனால் கழுவி, திரும்பத் தைத்தார் சீஃப். அதோடு விடவில்லை. அடிவயிற்றில் தோலுக்குச் சற்றுக் கீழேயே இன்னொரு மேலோட்டச் சிரை ஓடும். முதல் ஆபரேஷனிலேயே அதை வெட்டும்போது நீளமாக மிச்சம் வைத்திருந்தார், பின்னால் உதவும் என்று. அதையும் மார்பில் வேறொரு சிரையோடு இணைத்துவிட்டார். இரண்டாவது வடிகால். காலையில் பிளாப் தளர்ந்து, பக்கத்துத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. டீச்சரம்மா மயக்கம் தெளிந்ததும் கேட்டது, "ராத்திரி ரவுண்ட்ஸ் வந்தீங்களா, சிஸ்டர்?"

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. வேறொருவருக்கு இரண்டு முறை திறந்தும் தமனியின் ஓட்டம் நிலைக்கவில்லை. கடைசியில் பிளாப்பை எடுத்துவிட்டு நெஞ்சை மூட வேண்டியதாயிற்று. ஒரே ஆபரேஷனில் மார்பும் போய், வயிற்றிலும் தழும்பு. அந்தப் பெண்ணின் படுக்கைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

சிரை அடைத்து, இணைக்க வேறு சிரையும் இல்லாதபோது கடைசி வழி ஒன்று இருக்கிறது. அட்டை. நம் சித்த வைத்தியத்தின் புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் உண்டு. அட்டையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் மருத்துவக் கருவியாக அங்கீகரித்தது. தேங்கிய ரத்தத்தை அது குடிப்பதைவிட, அதன் எச்சில் உறையவிடாமல் செய்வதால் கடிவாயில் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருப்பதுதான் பலன். புதுச் சிரைகள் வளரும்வரை அது தற்காலிக வடிகால். அதன் குடலில் வாழும் கிருமிக்காக ஆன்டிபயாடிக்கும் கூடவே போட வேண்டும். கொடைக்கானல் பக்கத்து ஒரு பாட்டி, "இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் வந்தோம், எங்க தோட்டத்துல சும்மாவே ஏறுமே" என்று சொன்னது இன்னும் சிரிப்பை வரவழைக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது நான் தவறாமல் சொல்வது ஒன்று. புது மார்பில் ரத்தம் ஓடும், உணர்ச்சி இருக்காது. நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு. உணர்வு கொஞ்சம் திரும்பினாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும். சுற்றி வலிக்கிறதே என்று வீட்டில் ஒத்தடம் கொடுப்பார்கள், வெந்நீர்ப் பையை வைப்பார்கள். சுடுவது தெரியாமலே தோல் வெந்து கொப்பளித்துத் திரும்பி வந்தவர்களுக்கு நான் டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். ஒத்தடம் கூடவே கூடாது.

எல்லாப் பெண்ணும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சு மார்பே போதும் என்று நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். சிலிகான் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அது சின்ன ஆபரேஷன், குழாய்த் தையல் இல்லை, ஆனால் கதிர்வீச்சு பட்ட மார்பில் அது படுத்தும் பாடு தனி. எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். ஆனால் மார்பை எடுக்கும் முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும். "இந்த வயசுல எதுக்கு?" என்று வெளியே நிற்கும் மாமியாரோ மகனோ முடிவு செய்வதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். டீச்சரம்மாவுக்கும் அப்படிச் சொன்னார்கள். "போர்டுல எழுதக் கையத் தூக்கும்போது பிள்ளைங்க எங்க பாக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்று அவர் பதில் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

சர்ஜன்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அது சரிதான், அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சர்ஜன் தைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, முதல் மூன்று இரவுகள் அந்தக் குழாய் நர்ஸின் கையில்தான் இருக்கிறது. சிரை அடைத்ததைச் சீக்கிரம் பார்த்தால் பிளாப் பிழைக்கும். சில மணி நேரம் தவறினால், பிறகு ரத்தத்தை விட்டாலும் நுண்குழாய்கள் வாங்காது. அப்படியிருக்க, ஆள் பற்றாக்குறை என்று பிளாப் வார்டுக்கு ஒவ்வொரு இரவும் வெவ்வேறு வார்டிலிருந்து ஆள் அனுப்பும் வழக்கம் நான் வேலை பார்த்த இடத்திலும் இருந்தது, நண்பர்கள் வேலை பார்க்கும் இடங்களிலும் இருக்கிறது. பல லட்சம் கொடுத்து மைக்ராஸ்கோப் வாங்குகிறார்கள். ஒரு நர்ஸை மூன்று இரவு ஒரே இடத்தில் விட மனசு வரவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கப்போகிறது என்றால், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் படுக்கை என்று டாக்டரிடம் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள்: முதல் மூன்று இரவு பிளாப்பை மணிக்கொரு முறை பார்க்கப்போவது யார்? அவருக்கு இதில் பழக்கம் உண்டா? நடுராத்திரியில் அவர் கூப்பிட்டால் தியேட்டர் திறக்க எவ்வளவு நேரமாகும்?